கசிவும் காரணமும்

‘கசிவு’ என்னும் சொல்லைக் கேட்ட அளவில் தமிழ் பயின்றோர் உள்ளம் பத்தி இலக்கியத்தின்பால் செல்லும். இறைவனை எண்ணி நெஞ்சம் நெகிழ்வதைக் குறிக்கத் தேவாரமும் திருவாசகமும் ஆண்ட சொல் அது. வகுப்பறையில் அச்சொல்லுக்குப் பதினெட்டு ஆண்டுகளாகப் பொருள் கூறி வருகின்ற எமக்கு, அதே சொல்லின் மற்றொரு பொருளை ஒரு பழைய ஜீப்பின் அடியில் மல்லாந்து படுத்துப் பயிலும் வாய்ப்பு அண்மையில் கிட்டிற்று. அதனை மாணவச் செல்வங்களோடும் பெரியோர்களோடும் பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீர்ப்பொருள் வெளிப்படுதலைக் குறிக்கும் சொற்கள் தமிழில் பல. ஊறுதல், கசிதல், துளித்தல், சொட்டுதல், ஒழுகுதல், வழிதல் என அவை அளவால் படிப்படியாக ஏறிச் செல்வன. வண்டி பழுது பார்ப்போரிடமும் இத்தகைய வரிசை ஒன்று உண்டு என்பதை அறிந்து வியந்தோம். இரும்புப் பெட்டியின் புறத்தே எண்ணெய் மெல்லப் படர்ந்து தூசியோடு ஒட்டி நிற்குமாயின் அதனை அவர்கள் ‘வேர்வை’ என்பர். துடைத்தால் போதும், மருந்து வேண்டா. இரவில் ஓரிரு துளி விழின் அது ‘சொட்டு’. தரையில் ஓடித் தேங்கின் ‘ஒழுகல்’. ஒழுகு என்னும் அடியினின்றே ‘ஒழுக்கம்’ என்னும் சொல் பிறந்தது என்பதனை எம் வண்டியைப் பார்க்க வந்த மேஸ்திரியிடம் ஒருநாள் கூறினோம். “அப்படின்னா இந்த வண்டிக்கு ஒழுக்கம் கொஞ்சம் ஜாஸ்திதான் வாத்தியாரே” என்றார் அவர். எம் ஆய்வியல் நிறைஞர் பட்ட வாய்மொழித் தேர்விற்கூட அவ்வளவு விரைவாக ஒருவரும் எம்மை மடக்கியதில்லை.

வண்டியைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். 1968ஆம் ஆண்டு மாதிரி, சி.ஜே.3பி என்னும் வகை. ஜீப்பின் வரலாறு 1940இல் அமெரிக்கப் படையின் தேவைக்காகத் தொடங்கியது. போர் முடிந்தபின் உழவர்க்கும் பொதுமக்களுக்கும் உரியதாக அது மாற்றப்பெற்றது. 1953இல் வில்லீஸ் நிறுவனம் வெளியிட்ட சி.ஜே.3பி வகையில், முந்தைய எஞ்சினினும் உயரமான எஞ்சின் பொருத்தப்பட்டமையால் முன்மூடியையும் உயர்த்த வேண்டியதாயிற்று. தலைப்பாகை கட்டிய முதியவர் போன்ற அதன் தோற்றத்திற்கு அதுவே காரணம். இந்தியாவில் இவ்வண்டிகளை உருவாக்கிய நிறுவனத்தின் தொடக்கப் பெயரை இன்றைய மாணவர் பலர் அறியார். 1945இல் லூதியானாவில் மகிந்திரா உடன்பிறந்தார் இருவரும் மாலிக் குலாம் முகம்மது என்பாரும் இணைந்து தொடங்கியபோது அதன் பெயர் ‘மகிந்திரா அண்டு முகம்மது’. நாட்டுப் பிரிவினைக்குப் பின் குலாம் முகம்மது பாகிஸ்தான் சென்று அந்நாட்டின் முதல் நிதியமைச்சராகவும், 1951 முதல் 1955 வரை தலைமை ஆளுநராகவும் விளங்கினார். நிறுவனம் 1948இல் ‘மகிந்திரா அண்டு மகிந்திரா’ ஆயிற்று. பெயர்ப்பலகையில் ஒரு சொல் மாறியது. அச்சொல்லுக்குப் பின்னால் இரண்டு நாடுகளின் வரலாறு நிற்கிறது.

எம் அத்தா 1981இல் இவ்வண்டியை இரண்டாம் கையாக வாங்கினார்கள். கம்பத்திலிருந்து மேற்கே மலையேறிக் கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேடு வரை சென்று, தோட்டங்களில் ஏலக்காய் வாங்கிப் போடிநாயக்கனூர்ச் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பது அவர்கள் தொழில். ஏலக்காய் மூட்டையோடு வேறு சுமைகளும் அவ்வண்டியில் இறங்கியதுண்டு. பேறுகால வலி கண்ட தோட்டத் தொழிலாளப் பெண்கள், காய்ச்சல் கண்ட குழந்தைகள், பள்ளிவாசலுக்குப் பாய்கள், திருமண வீட்டுக்குத் தேக்சாக்கள் என எண்ணினால் ஏடு கொள்ளாது. எம் மரபினரைக் குறிக்கும் ‘இராவுத்தர்’ என்னும் சொல்லுக்குக் குதிரை வீரர் என்பது பொருள். அருணகிரிநாதர் தம் கந்தரலங்காரத்தில் மயிலேறும் முருகனை இப்பெயராலேயே விளிக்கின்றார் என்பது தமிழ்த்துறையினர் அறிந்ததே. குதிரை போயிற்று, ஜீப் வந்தது, பெயர் நின்றது எனலாம்.

2016இல் கண்புரை அறுவைக்குப் பின் அத்தா வண்டியோட்டுவதை நிறுத்திக் கொண்டார்கள். வண்டி வீட்டு முற்றத்தின் சரிவில் நின்றது. மாதம் ஒருமுறை எவரேனும் எஞ்சினை முடுக்கி ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பர். அதுவே அதற்குரிய உபசாரமாக இருந்தது. சில ஆண்டுகளில் வண்டியின் நடுவயிற்றுக்குக் கீழே தரையில் ஒரு கரும்புள்ளி தோன்றியது. புள்ளி வட்டமாயிற்று. வட்டம் முற்றத்துச் சிமெண்டுத் தரையைக் கடந்து வாசற்படிக்கு வந்தது. வீட்டுப் பெண்டிர் அதன்மேல் மரத்தூளும் சாம்பலும் தூவி ஓய்ந்தனர்.

இவ்வளவோடு நின்றிருப்பின் அது துடைப்பத்திற்குரிய சிக்கல். ஆனால் சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை, வண்டியைக் கழுவ வந்த ஒருவர் கியரை நடுநிலையில் தள்ளிவிட்டுச் சென்றிருந்தார். கைப்பிரேக் முழுவதும் இழுக்கப்பட்டிருந்தது. எனினும் வண்டி மெல்ல நகர்ந்தது. பின்னால் பந்தோடு நின்றிருந்த எம் இளவலின் நான்கு வயது மகனுக்கும் பின்கதவுக்கும் இடையே இரு சாண் இடைவெளி இருக்கும்போது, வேப்பமரத்து வேர் ஒன்று சக்கரத்தைத் தடுத்தது. குழந்தைக்கு யாதொரு தீங்கும் இல்லை, இறைவனுக்கே புகழனைத்தும். அன்றிரவு இளவல் எம்மிடம் வந்து, “அண்ணே, இனி இது இந்த வாசலில் நிக்கக் கூடாது. எடைக்குப் போட்டுடுவோம்” என்றார். அவர் சொல்லில் பிழை காண இயலவில்லை. பழைய இரும்பு வாங்குவோர் ஒருவர் மறுவாரமே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்து விலையும் கூறிப் போனார். அத்தா ஒன்றும் கூறவில்லை. கட்டிலில் அமர்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டிக் கொண்டிருந்தவர்கள், அவர் சென்றபின் எழுந்து போய் வண்டியின் முன்மூடியில் அவர் வைத்த கைத்தடத்தைத் துண்டால் துடைத்தார்கள்.

இளவலிடம் ஒரு மாதத் தவணை கேட்டுப் பெற்றோம்.

முதலில் நகரின் பட்டறை ஒன்றுக்கு வண்டியை இழுத்துச் சென்றோம். ஆயில் சீல் போய்விட்டது என்று கூறிப் புதிய சீல் போட்டு, எண்ணெயும் நிரப்பி அனுப்பினர். இருபதாம் நாள் தரையில் மீண்டும் அதே வட்டம். திரும்பச் சென்று வினவியபோது, “பழைய வண்டின்னா ஒழுகத்தான் சார் செய்யும்” என்றனர். பழைய ஏட்டில் பொருள் விளங்காத இடத்தையெல்லாம் ‘ஏடு எழுதினோன் பிழை’ என்று தள்ளிவிட்டுப் போகும் உரைகாரரை எமக்கு நினைவூட்டிய விடை அது. முதுமை ஒரு விளக்கம் ஆகலாம், காரணம் ஆகாது. எண்பது வயதில் இருமுகின்றவருக்கும் இருமலுக்கென்று ஒரு காரணம் உண்டன்றோ?

பின்னர், மலைத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகளை நாற்பது ஆண்டுகளாகப் பழுது பார்த்துவரும் ஒரு மேஸ்திரியை அத்தாவின் பழைய கூட்டாளிகள் வழியாக அழைத்து வந்தோம். எங்கள் பக்கத்தில் இராவுத்தர் வீட்டாரும் அவர் இனத்தாரும் ஒருவரையொருவர் மாமன் மாப்பிள்ளை முறை சொல்லி அழைப்பது தொன்றுதொட்ட வழக்கம். அத்தாவைக் கண்டதும், “என்ன மாமா, குதிரைய இப்படிக் கட்டிப் போட்டுட்டீங்களே” என்றார். பல நாள்களுக்குப் பின் அத்தா சிரித்ததை அன்று கண்டோம்.

அவர் கருவி எதனையும் எடுக்கவில்லை. முதலில் தரையில் இருந்த எண்ணெயை விரலில் தொட்டு, இரு விரல்களுக்கிடையே இழுத்துப் பார்த்து, முகர்ந்தார். எம்மையும் முகரச் செய்தார். அழுகிய முட்டை போன்ற கந்தக வாடை. பாகு போன்ற தடிப்பு. எஞ்சின் எண்ணெயாயின் கறுத்துப் புகை மணக்கும். பிரேக் எண்ணெயாயின் நீர்போல் மெலிந்து, பட்ட இடத்தில் வண்ணப்பூச்சைத் தின்றுவிடும். தானியங்கிக் கியர் கொண்ட புதிய கார்களில் பெரும்பாலும் செந்நிறத்தில் மெல்லிய எண்ணெய் இருக்கும். இதுவோ கியர்ப்பெட்டிக்குரிய தடித்த எண்ணெய் என்பதில் ஐயமில்லை. நாடி பார்ப்பதற்கு முன் மூக்கால் பார்க்கும் இம்முறையை எந்த நூலிலும் யாம் கண்டதில்லை.

எந்தப் பெட்டி என்பது அடுத்த வினா. இவ்வகை ஜீப்பில் முன்னோக்கி மூன்று, பின்னோக்கி ஒன்று என இயங்கும் கியர்ப்பெட்டி ஒன்று. அதன் முதுகில் ஒட்டினாற்போல், நான்கு சக்கரங்களுக்கும் ஆற்றலைப் பிரித்தளிக்கும் டிரான்ஸ்பர் பெட்டி மற்றொன்று. முதற்பெட்டியின் எண்ணெய் உள்வழியே இரண்டாவதற்குக் கசிந்து செல்வதும் உண்டு. எனவே ஒன்று வறண்டும் மற்றொன்று நிரம்பி வழிந்தும் இருக்கலாம். இரண்டின் பக்கவாட்டு மூடிகளையும் திறந்து சுண்டு விரலை உள்ளே விட்டார் மேஸ்திரி. துளையின் கீழ்விளிம்பை எண்ணெய் தொட்டு நிற்றல் வேண்டும் என்பது அளவு. முதற்பெட்டியில் விரலுக்கு எண்ணெய் எட்டவில்லை. இரண்டாம் பெட்டியின் மூடியைத் திறந்ததுமே அவர் முழங்கை வரை வழிந்தது. அளவு பாராமல் அதில் மேன்மேலும் ஊற்றியிருக்கின்றனர் என்பது வெள்ளிடைமலையாயிற்று.

இனிக் கசிவின் இடம். எண்ணெய் விழுகின்ற இடமே கசிகின்ற இடம் அன்று என்பதை மேஸ்திரி ஒரு விதியாகவே கூறினார். எண்ணெய் மேலே ஓரிடத்தில் வெளிப்பட்டு, இரும்பின் வளைவுகளைத் தழுவிக்கொண்டே வந்து, எங்கோ தாழ்ந்த ஓர் ஆணித் தலையில் திரண்டு விழும். ஓடுகின்ற வண்டியிலோ காற்று அதனைப் பின்னுக்குத் தள்ளி மேலும் குழப்பும். ஆகவே பெட்டிகள் இரண்டையும் மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு கழுவி, துணியால் துடைத்து, வெயிலில் உலரவிட்டோம். பிறகு எம் வீட்டுச் சிறுமியின் முகப்பவுடர் டப்பாவைக் கேட்டு வாங்கி, உலர்ந்த இரும்பின் மேல் மெல்லியதாகத் தட்டிவிட்டார். தரையில் ஓர் அட்டையை விரித்து, அதில் சக்கரங்கள் நான்கின் இடத்தையும் கரிக்கோட்டால் குறித்தார். வண்டியைத் தெருவில் இரண்டு மைல் ஓட்டி வந்து அட்டையின்மேல் சரியாக நிறுத்தினார். அவ்வளவுதான், சுபுஹு தொழுகைக்குப் பின் வருவதாகக் கூறிப் போய்விட்டார். தொழுபவர் யாமேயன்றி அவரல்லர். எனினும் எங்கள் தெருவில் எல்லாரும் நேரத்தை அப்படித்தான் குறிப்பர்.

மறுநாள் விடியலில் கைவிளக்கோடு அடியிற் படுத்துப் பார்த்தோம். துளி விழுந்திருந்தது வண்டியின் நடுவில். ஆனால் வெண்பொடியின் மேல் வரைந்த ஆற்றுப்படம் போல ஒரு கருங்கோடு பின்னோக்கி மேலேறி, கைப்பிரேக் டிரம்மின் உட்புறம் சென்று முடிந்தது. பாடபேத ஆய்விலும் இத்தகைய நிலை உண்டு. பொருள் முறியும் அடி ஒன்று. எழுத்து மாறிய அடி அதற்கு மேலே வேறொன்று. முறிந்த அடியையே திருத்திக் கொண்டிருப்போர்க்கு மூலம் ஒருநாளும் அகப்படாது. ‘மருந்து’ அதிகாரத்தில் நோயினின்றும் நோயின் முதலைப் பிரித்துக் காட்டிய வள்ளுவரை மேஸ்திரி பயின்றவரல்லர். ஆனால் அன்று யாம் கண்ட உரை அவருடையதே.

இங்கே கைப்பிரேக்கின் அமைப்பை விளக்குதல் இன்றியமையாதது. இக்காலக் கார்களில் அது பின்சக்கரங்களைப் பற்றும். இவ்வகை ஜீப்பிலோ அது சக்கரங்களைத் தொடுவதேயில்லை. டிரான்ஸ்பர் பெட்டியினின்று பின்னோக்கிப் புறப்படும் தண்டின் வாயிலில் ஒரு டிரம் உள்ளது, கைப்பிடியை இழுத்தால் அதனுள் இருக்கும் இரு கட்டைகள் விரிந்து டிரம்மைப் பற்றும், தண்டு நிற்கும், தண்டு நிற்கவே சக்கரமும் நிற்கும். தண்டு வெளிவரும் வாயிலை அடைத்துக் காப்பதே ஆயில் சீல். அது கசியின் எண்ணெய் நேரே டிரம்மினுள் பாயும். எண்ணெய் குடித்த கட்டை எவ்வளவு இழுத்தாலும் வழுக்கும். வாசற்படியில் யாம் கண்ட கறையும், குழந்தையை நோக்கி நகர்ந்த வண்டியும் வேறு வேறு நிகழ்ச்சிகள் அல்ல. ஒரு சிறு வளையத்தின் உதடு பழுதானதே இரண்டிற்கும் மூலம். இதனை அறிந்த அன்று இளவலையும் அழைத்துக் காட்டினோம். அவர் நெடுநேரம் கீழே குனிந்து பார்த்துக் கொண்டிருந்தார்.

புதிய சீல் இருபது நாளில் கசிந்தது ஏன்? மேஸ்திரிக்கு அவ்வினாவே சுவை மிக்கதாக இருந்தது. அதற்கு விடை காண வண்டியைப் பிரித்தாக வேண்டும். நான்கு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கருங்கல் வைத்த பின்னரே தண்டைக் கழற்றத் தொடங்கினார். தண்டைக் கழற்றிவிட்டால் கைப்பிரேக் எதனைப் பற்றும்? கியரில் இட்டாலும் பின்சக்கரம் கேளாது. கல்லே காவல். இதனை அறியாமல் சரிவில் நின்ற வண்டியின் கீழ் நுழைவது உயிரோடு விளையாடுவதாகும்; மாணவர்கள் இதனை மட்டுமேனும் நினைவில் இருத்துதல் நன்று.

எண்ணெயை வடிக்குமுன் ஊற்றும் மூடி திறக்கிறதா என்று பார்த்த பின்னரே வடிக்கும் மூடியில் கை வைத்தார். பெட்டியைக் காலி செய்தபின் ஊற்றும் மூடி இறுகிப் போயிருந்தால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். வடித்த எண்ணெயைத் தகர டப்பாவில் பிடித்து, பழைய எண்ணெய் வாங்குவோரிடம் சேர்த்தோம். வாய்க்காலில் ஊற்றிவிடலாம் என்ற ஓர் உறவினரின் யோசனைக்கு அத்தாவே விடையளித்தார்கள்: “அந்தத் தண்ணியிலதான் நெல்லு வெளையுது.” முல்லைப் பெரியாற்றுப் பாசன ஊரில் பிறந்தவர்க்கு வேறு விடை தோன்றாது.

டிரம்மும், அதனோடு இணைந்த ‘யோக்’ என்னும் கவைப்பகுதியும் வெளிவந்தன. சீலின் உதடு தொட்டுச் சுழலும் யோக்கின் கழுத்தை மேஸ்திரி துடைத்து, எம் விரல் நகத்தை அதன்மேல் ஓட்டச் செய்தார். நகம் ஓரிடத்தில் தடுக்கியது. பல்லாண்டுகளாக ஒரே இடத்தில் உராய்ந்த உதடு இரும்பில் மெல்லிய வரிப்பள்ளம் ஒன்றைத் தேய்த்திருந்தது. மென்மையான இரப்பர் இரும்பைத் தேய்க்குமா என்று வினவினோம். உதட்டில் ஒட்டும் தூசியே அரமாகிறது என்றார். அப்பள்ளத்தின்மேல் எத்தனை புதிய சீல் போட்டாலும் உதடு முழுமையாகப் பொருந்தாது. இடுக்கின் வழியே எண்ணெய் தன் வழியைக் கண்டுகொள்ளும். முன்னைய பட்டறையார் சீலை மாற்றினர். சீல் உறவாடும் இரும்பைப் பார்க்கவில்லை.

ஆனால் அவர் மிகவும் மகிழ்ந்தது வேறொரு கண்டுபிடிப்பில். பெட்டிக்கு மேற்புறம் காற்றுப் போக்குவதற்கு ஒரு சிறு மூச்சுத்துளை உண்டு. ஓடும்போது பெட்டி சூடேறும். உள்ளிருக்கும் காற்று விரியும். அது வெளியேற இத்துளையே வாயில். துளை அடைபட்டால் காற்று எண்ணெயைத் தள்ளும். எண்ணெய் சீலைத் தள்ளும். அத்துளையின்மேல் அழகிய மண்கூடு ஒன்று இருந்தது. குளவி கட்டியது. ஓடுகின்ற வண்டியில் குளவி கூடு கட்டுவதில்லை. பழைய சீலை அத்தா எடுத்து வைத்திருந்தார்கள். அதை வளைத்துக் காட்டினார் மேஸ்திரி. இரப்பர் விறைத்து, உதட்டில் நுண்ணிய வெடிப்புகள் கண்டிருந்தன. சுழலும் தண்டு எண்ணெயை வாரி உதட்டின்மேல் தெளித்துக் கொண்டேயிருக்கும். அதனால் உதடு ஈரமாக இருக்கும். நின்றுபோன வண்டியில் எண்ணெய் கீழே தங்கிவிடும். உதடு உலர்ந்து விறைக்கும். எஞ்சினை மட்டும் ஐந்து நிமிடம் முடுக்கி அணைத்தால் பின்தண்டு ஒரு சுற்றும் சுற்றாது.

“மாமா, இது வயசான குத்தமில்ல. நிப்பாட்டி வச்ச குத்தம்” என்றார்.

அத்தா அருகே நாற்காலியில் அமர்ந்திருந்தார்கள். இதுவரை ஒரு பார்வையாளராக இருந்தவர்கள் அதன்பின் வாய் திறந்தார்கள். முற்காலத்தில் இந்த வாயில்களுக்குத் தோல் சீல்கள் வந்தன என்றும், பொருத்துமுன் அவற்றை எண்ணெயில் ஊறப்போடுவது வழக்கம் என்றும் கூறினார்கள். புதிய சீலை மேஸ்திரி கையில் எடுத்தபோது, “உதடு உள்ள பாக்கணும்பா” என்றார்கள். அவர் அறியாததன்று, எனினும் மாணாக்கன் போல், “ஆமா மாமா” என்று திருப்பிக் காட்டினார். அவருடைய பண்பை அவ்வொரு சொல்லில் கண்டோம்.

யோக்கின் பள்ளத்திற்கு இரு தீர்வுகள் இருந்தன. கழுத்தின்மேல் மெல்லிய எஃகு உறை ஒன்றை ஏற்றுவது ஒன்று; வேறு யோக் தேடுவது மற்றொன்று. உறை எளிது, ஆயினும் உரிய அளவில் எம்மூரில் கிட்டவில்லை. உடைத்து விற்கும் கடைகளில் மூன்று நாள் அலைந்து, கழுத்துத் தேயாத யோக் ஒன்றைக் கண்டெடுத்தோம். சீலின் உதட்டில் சிறிது எண்ணெய் தடவி, தலைகீழாக வைத்த ஒரு பழைய கிண்ணத்தின் விளிம்பைக் கொண்டு நாற்புறமும் சமமாகத் தட்டி அமர்த்தினார். சுத்தியலால் நேரே அடித்தால் ஒரு பக்கம் சாயும்; சாய்ந்த சீல் அன்றே கசியும். யோக்கின் உட்பற்களின் இடுக்கு வழியாகவும் எண்ணெய் ஊர்ந்து வரும் என்பதால், நட்டின் அடியில் இருக்கும் வளையத்திற்குப் பசை தடவி முடுக்கி, பிளவு ஊசியைச் செருகினார். அந்த நட்டின் இறுக்கத்தை அத்தா தம் கையால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார்கள். மூச்சுத்துளையைக் குளவிக் கூட்டிலிருந்து மீட்டு ஊதிப் பார்த்தது எம் பங்கு.

பிரேக் கட்டைகளின் லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மீண்டும் போடலாம் என்று சிலர் கூறுவர். எண்ணெய் குடித்த லைனிங் சூடேறும்போது குடித்ததைக் கக்கும். ஆகவே புதிய லைனிங்கே போட்டோம். பழைய லைனிங்கில் கல்நார் கலந்திருக்கக் கூடும் என்பதால் அத்தூளை ஊதக் கூடாது. ஈரத்துணியால் துடைத்தெடுத்தல் வேண்டும்.

எண்ணெயிலும் ஒரு நுட்பம் உண்டு. எஸ்.ஏ.இ. 90 என்பது தடிப்பைக் குறிக்கும் எண். அதனோடு ஜி.எல்.4, ஜி.எல்.5 என்று தரக்குறியும் டப்பாவில் இருக்கும். ஐந்து நான்கினும் உயர்ந்ததாயிற்றே என்று கடைக்காரர் ஐந்தையே நீட்டினார். அதில் மிகுதியாகச் சேர்க்கப்படும் கந்தகச் சேர்மங்கள் சில, பித்தளை வெண்கலம் போன்ற மஞ்சள் உலோகங்களை அரிக்கக் கூடியவை. பழைய கியர்ப்பெட்டியினுள் அத்தகைய வளையங்கள் உண்டு. எனவே நான்கே போதும் என்று வாங்கி வந்தோம். உயர்ந்தது எல்லார்க்கும் உகந்தது என்னும் எண்ணம் கடைத்தெருவில் மட்டும் நிலவுவதன்று.

சீலின் விலை எம் வீட்டிற்கு ஒரு வாரம் வாங்கும் பாலின் விலைக்கும் குறைவு. யோக்கிற்கும் லைனிங்கிற்கும் எண்ணெய்க்கும் மேஸ்திரியின் கூலிக்கும் சேர்த்து ஆன தொகை, பழைய இரும்பு வாங்குவோர் கூறிய விலையில் மூன்றிலொரு பங்கைத் தாண்டவில்லை.

சோதனையை இளவலே நடத்தினார். முற்றத்தின் சரிவில் வண்டியை நிறுத்தி, கியரை நடுநிலையில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினார். பின்னால் போய்த் தோள்கொடுத்துத் தள்ளினார். மேஸ்திரியும் உடன் தள்ளினார். வண்டி அசையவில்லை. இளவல் கைகளைத் தட்டிக்கொண்டு, “பாதுகாப்புக்கு ரெண்டு கல்லும் இருக்கட்டும்” என்றார். எடைக்குப் போடும் பேச்சு அதன்பின் வீட்டில் எழவில்லை. கற்களும் இன்றுவரை அங்கேயே உள்ளன.

அட்டையை மறுபடி விரித்தோம். முதல் ஏழு நாளும் அது தூயதாக இருந்தது. எட்டாம் நாள் முன்பக்கத்தில் ஒரு துளி. முன் தண்டின் சீலாக இருக்கலாம், ‘வேர்வை’ அளவுதான், வண்டி தொடர்ந்து ஓடினால் அதுவே அடங்கவும் கூடும், அடங்காவிட்டால் பார்ப்போம் என்றார் மேஸ்திரி. ஆனால் ஓட்ட வேண்டும். அதற்கென வெள்ளிக்கிழமைகளில் இளவல் அத்தாவை அருகில் அமர்த்திக்கொண்டு ஜும்ஆவுக்குச் செல்கிறார். தொழுகை முடிந்து நேரே வீடு திரும்பாமல் கூடலூர் வரை போய் வருகின்றனர். கியர் மாற்றும்போது ஒலி சற்றுப் பிசகினாலும் அத்தாவின் இடக்கை காற்றில் எழுந்து தாழும் என்று இளவல் குறைபட்டுக் கொள்கிறார். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியபின் இரு பெட்டிகளிலும் எண்ணெய் மட்டத்தை மீண்டும் பார்க்க வேண்டும் என்பது மேஸ்திரியின் கட்டளை. இதனை எழுதும் இன்று முந்நூற்று நாற்பது ஆகியிருக்கிறது.